ரேஷன் அட்டையை ஈடு வைத்தால் துப்பாக்கி: குரோசவாவின் ‘தெருநாய்’

1949 அக்டோபரில் வெளியான அகிரா குரோசவாவின் ‘நோரா இனு’, அதாவது ‘தெருநாய்’ படத்தில் டோக்கியோவின் கள்ளச்சந்தைக்காரர்கள் துப்பாக்கியை வாடகைக்கு விடுகிறார்கள். அதற்கு ஈடாகப் பணமோ நகையோ கேட்பதில்லை. அரிசி ரேஷன் அட்டையைக் கேட்கிறார்கள். காரியத்தை முடித்துவிட்டு வந்து துப்பாக்கியைக் கொடுத்தால் அட்டை திரும்பக் கிடைக்கும். வராதவனின் பெயர் தரகனிடமே தங்கிவிடும். இந்தப் படத்தில் கொலைகாரனைக் காட்டிக்கொடுப்பது கைரேகை இல்லை, சாட்சி இல்லை, துப்பறிவாளனின் மூளையும் இல்லை. ஈடு வைத்த அந்த அட்டைதான்.

கதை நேரானது. முராகாமி இளம் துப்பறியும் காவலர். கோடை வெயில் கொளுத்தும் ஒரு நாளில், சுடும் பயிற்சி முடிந்து நெரிசலான பேருந்தில் வரும்போது அவருடைய கோல்ட் துப்பாக்கியை யாரோ அடித்துவிடுகிறார்கள். உள்ளே ஏழு தோட்டாக்கள். அந்தத் துப்பாக்கியால் முதலில் ஒரு வழிப்பறி, அடுத்து ஒரு கொலை. முராகாமியும் மூத்த துப்பறிவாளர் சாட்டோவும் அதன் தடத்தைப் பிடித்துக்கொண்டு ஊரெங்கும் அலைகிறார்கள். முராகாமியாகத் தொஷிரோ மிஃபுனே, சாட்டோவாகத் தகாஷி ஷிமுரா. குற்றவாளி யூசாவாக வருபவர் இசாவோ கிமுரா. இவர் முகத்தைப் படம் முடியும் தறுவாயில்தான் ஒழுங்காகப் பார்க்கிறோம்.

படத்தைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் பேசுவது இரட்டையர் விஷயத்தைத்தான். முராகாமியும் போரிலிருந்து திரும்பிய சிப்பாய், யூசாவும் அப்படியே. ஊருக்கு வரும் வழியில் இருவருடைய முதுகுப்பையும் களவுபோனது. ஒருவன் காவலனானான், மற்றவன் கொள்ளைக்காரனானான். ஆகவே மனிதன் தன் பாதையைத் தானே தேர்ந்தெடுக்கிறான் என்பது படத்தின் செய்தி என்று முடிப்பார்கள். படத்தில் இந்தப் பேச்சு இருப்பது உண்மை. முராகாமியே வாய்விட்டுச் சொல்கிறார். ஆனால் பாத்திரங்கள் பேசுவதை ஒதுக்கிவிட்டு, படத்தில் எந்தெந்தப் பொருள் யார் யார் கைக்குப் போகிறது என்று மட்டும் பார்த்தால் வேறொரு படம் தெரிகிறது. துப்பாக்கி, அட்டை, முதுகுப்பை, ஒரு பெண்ணின் உடை. பங்கீட்டில் உயிர்வாழும் நகரத்தில் இவை கைமாறும் கணக்குதான் இந்தக் குற்றக்கதை. என் வாசிப்பு இந்தப் பக்கம்தான்.

அரிசி அட்டையின் எடை என்ன என்பதை இன்று விளக்கித்தான் சொல்ல வேண்டும். 1941இல் ஜப்பானின் பெருநகரங்களில் அரிசிப் பங்கீடு தொடங்கியபோது வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்குச் சுமார் 330 கிராம். போர் முடியும் தறுவாயில், 1945 ஜூலையில், அது 300 கிராமுக்கும் கீழே இறங்கியது. அதுவும் காகிதத்தில்தான். போருக்குப்பின் அரிசி வண்டி வராத நாள்கள் சர்வசாதாரணம். அரிசிக்குப் பதில் சர்க்கரைவள்ளியும் மாவும் தந்தார்கள். கடல் கடந்த நாடுகளிலிருந்து 60 லட்சத்துக்கும் மேற்பட்ட சிப்பாய்களும் குடிமக்களும் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். எல்லோருக்கும் வயிறு இருந்தது. ஆகக் கள்ளச்சந்தையில் வாங்காமல் நகரத்தில் யாரும் பிழைத்திருக்க முடியாது. பிழைக்க முடியாது என்பதற்குச் சான்றாக ஒரு பெயரே இருக்கிறது: யமகுச்சி யோஷிததா. டோக்கியோ மாவட்ட நீதிமன்ற நீதிபதி. கள்ளச்சந்தை வழக்குகளை விசாரித்துத் தண்டனை கொடுத்தவர். தண்டனை கொடுக்கிறவன் அதே சந்தையில் அரிசி வாங்கக் கூடாது என்று பங்கீட்டை மட்டுமே உண்டார். 1947 அக்டோபரில், முப்பத்துச் சொச்சம் வயதில், உடல் நலிந்து இறந்தார். செய்தி வெளிவந்தபோது நாடே அதிர்ந்தது. சட்டத்தை எழுத்துப் பிசகாமல் கடைப்பிடித்தவர் செத்துப்போனார் என்றால், உயிரோடு இருந்த ஒவ்வொருவரும் ஏதோ ஓர் அளவில் சட்டத்தை மீறியவர்தான். அந்த ஊரில் ஒரு போலீஸ் படம் எடுப்பது லேசான காரியமா?

அரிசி அட்டை சோற்றுக்கு மட்டும் வழி இல்லை, ஆள் அடையாளமும் அதுதான். அதைக் கொடுத்துத் துப்பாக்கி எடுப்பவன், தன் சோற்றையும் பெயரையும் ஒருசேர அடகு வைக்கிறான். இந்த விவரத்தைக் குரோசவா எந்த இடத்திலும் அடிக்கோடிட்டுக் காட்டவில்லை. அன்றைய பார்வையாளருக்கு அது தேவைப்படவும் இல்லை. ஒவ்வொருவர் வீட்டிலும் அப்படி ஓர் அட்டை இருந்தது.

படம் உருவான விதத்திலும் அந்தக் காலத்தின் நெருக்கடி கலந்திருக்கிறது. குரோசவா வேலை செய்த தோஹோ ஸ்டூடியோவில் 1946 முதல் மூன்று வேலைநிறுத்தங்கள் நடந்தன. மூன்றாவதை முடித்துவைக்க 1948 ஆகஸ்டில் சுமார் 2000 போலீஸ்காரர்கள் வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் அமெரிக்கப் படையின் டாங்கிகள் நின்றன, மேலே விமானங்கள் பறந்தன. கசந்துபோன குரோசவா தன் குரு யமமோட்டோ கஜிரோ முதலானோருடன் சேர்ந்து திரைப்படக் கலைச் சங்கம் என்ற அமைப்பைத் தொடங்கி வெளியே படமெடுத்தார். ‘தெருநாய்’ அப்படி வந்த படம், ஷின்தோஹோ நிறுவனத்துடன் கைகோத்து எடுத்தது. துப்பாக்கியைத் தொலைத்த காவலர் என்ற கரு உண்மைச் சம்பவம் ஒன்றிலிருந்து கிடைத்தது. புதிதாக எழுத வந்த கிகுஷிமா ரியூசோ காவல்துறையினருடன் பழகித் தகவல் சேகரித்தார். குரோசவாவுக்கோ பெல்ஜிய எழுத்தாளர் ஜார்ஜ் சிமெனோன் மீது அளவற்ற பிரியம். அவர் பாணியில் முதலில் நாவலாகவே எழுதி முடித்தார். ஆறு வாரத்தில் நாவல் வந்துவிட்டது, அதைத் திரைக்கதை ஆக்கத்தான் அதைவிட அதிக நாள் பிடித்தது என்று தன் நினைவுக் குறிப்பில் எழுதுகிறார். பின்னாளில் இந்தப் படத்தை உத்தி மிகுந்துவிட்ட படம் என்று அவரே கொஞ்சம் குறைத்துப் பேசியதும் உண்டு. படைத்தவர் சொல்லிவிட்டார் என்பதற்காக நாமும் தலையாட்ட வேண்டியதில்லை.

களவுபோன துப்பாக்கியின் முதல் தடம் ஓகின் என்ற நடுவயதுப் பெண். ஜேப்படிக்காரர்களின் புகைப்படங்களைப் புரட்டும்போது முராகாமி அவளை அடையாளம் கண்டுகொள்கிறார். கிமோனோவுக்குப் பெயர்போனவள் இப்போது மேற்கத்திய உடை, சுருட்டை முடி, வாசனைத் திரவியம் என்று மாறியிருக்கிறாள். அவள் வாயைத் திறக்க மறுக்கிறாள். முராகாமி பின்னாலேயே நடக்கிறார். காலையிலிருந்து இருட்டும்வரை, தெருத்தெருவாக, ஒரு வார்த்தை அதட்டாமல். கடைசியில் அவள்தான் களைத்துப்போகிறாள். பீரும் தின்பண்டமும் வாங்கிவந்து இவருக்குக் கொடுக்கிறாள். ஊருக்குள் பஞ்சப்பரதேசி வேஷத்தில் அலைந்தால் துப்பாக்கிக்காரன் தானே வந்து தோளைத் தட்டுவான் என்று வழி சொல்கிறாள். பிறகு மல்லாந்து வானத்தைப் பார்த்து, நட்சத்திரம் என்று ஒன்று இருப்பதே இருபது வருஷமாக மறந்துபோயிற்று என்ற பொருள்பட ஏதோ சொல்கிறாள். காவலருக்கும் திருடிக்கும் இடையே இவ்வளவு இதமான காட்சி போலீஸ் படங்களில் அரிது. இங்கும் தகவல் சும்மா வரவில்லை. ஒரு நாள் முழுக்கத் தேய்ந்த செருப்புக்கு விலையாக வருகிறது.

அடுத்து வருவதுதான் படத்தின் முதுகெலும்பு. கிழிந்த ராணுவ உடையில் முராகாமி உவேனோ, அசாகுசா பக்கத்துச் சந்தைகளில் அலைகிறார். ஏறக்குறைய பத்து நிமிடம் வசனமே கிடையாது. கால்கள், கண்கள், வியர்வை, மூங்கில் தட்டியின் நிழல், தெருவில் ஒலிக்கும் பாட்டுகள். ஒன்றின்மேல் ஒன்றாகக் காட்சிகள் படிகின்றன. இது ரொம்ப நீளம், வெட்டியிருக்கலாம் என்று அந்நாளிலிருந்தே சிலர் சொல்லிவருகிறார்கள். நான் அந்தக் கட்சி இல்லை. இந்தப் பத்து நிமிடத்தில் காவலர் காணாமல் போகிறார். வேலையில்லாத ஆயிரம் சிப்பாய்களில் ஒருவராகிறார். தரகர்கள் இவரை நம்புவதற்கு இவ்வளவு நேரம் தேவை. நாம் நம்புவதற்கும் தேவை.

இந்தப் பகுதியைப் படம்பிடித்தவர் உதவி இயக்குநர் இஷிரோ ஹோண்டா. ஐந்தாண்டு கழித்து ‘காட்ஸில்லா’வை இயக்கப்போகும் அதே ஹோண்டாதான். ஒளிப்பதிவாளர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு, கேமராவைப் பெட்டிக்குள் மறைத்து, உண்மையான கள்ளச்சந்தைக்குள் போனார். ரவுடிகளின் ஆட்சி நடந்த இடம் அது. மாட்டிக்கொண்டால் உதைதான். முகம் தெரியாத காட்சிகளில் மிஃபுனேவுக்குப் பதிலாக ஹோண்டாவே நடந்தார். நடந்தவர் யார் என்பது முக்கியம். ஹோண்டா மூன்றுமுறை படைக்கு இழுக்கப்பட்டுச் சீனாவில் பல ஆண்டுகள் இருந்து 1946இல் திரும்பியவர். மிஃபுனே ராணுவ விமானப் பிரிவில் இருந்துவிட்டு, போர்வையைத் தவிரக் கைவசம் ஒன்றுமில்லாமல் வெளியே வந்தவர். யூசாவாக நடித்த கிமுரா கடற்படைக்குப் போனவர், ஹிரோஷிமாக்காரர், அணுகுண்டில் குடும்பத்தாரை இழந்தவர். இவர்களில் உடல் தகுதியில்லை என்று படையால் ஒதுக்கப்பட்ட குரோசவா ஒருவர்தான் போருக்குப் போகாதவர். போருக்குப்பின் டோக்கியோ எப்படி இருந்தது என்பதை இந்தப் படம் நன்றாகக் காட்டுகிறது என்று பலர் தன்னிடம் சொன்னதுண்டு, அந்தப் பாராட்டில் பெரும்பங்கு ஹோண்டாவுக்கே சேரும் என்று அவரே எழுதியிருக்கிறார்.

தூண்டில் வேலை செய்கிறது. ஒருவன் வந்து ரகசியமாகக் கேட்கிறான், இடம் சொல்கிறான், அட்டையோடு வரச் சொல்கிறான். குறித்த இடத்தில் அட்டையை வாங்கிக்கொள்ள ஓர் இளம்பெண் வருகிறாள். முராகாமி அவசரப்பட்டு அவளைப் பிடித்துவிடுகிறார். பிறகுதான் தெரிகிறது, கோல்ட்டை வாடகைக்கு எடுத்தவன் அதைத் திருப்பிக் கொடுக்க அதே இடத்துக்கு அந்த நேரத்தில் வந்திருக்கிறான். இவள் பிடிபடுவதைப் பார்த்து ஓடிவிட்டான். முராகாமி சற்றே பொறுத்திருந்தால் துப்பாக்கி அவர் கைக்கே வந்திருக்கும், யூசாவுக்கும் அட்டை கிடைத்திருக்கும். அதற்குப் பின் நடந்த கொலை நடந்திருக்காது. பெரும்பாலான விமர்சனங்கள் இந்தத் திருப்பத்தை ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. எனக்கு இதுதான் கதையின் அச்சாணி. யூசா துப்பாக்கியை வைத்துக்கொண்டது அவன் தேர்ந்தெடுத்த பாதையால் மட்டும் இல்லை. அட்டையை மீட்க முடியாமல் போனதாலும்தான். அட்டை போனபின் அவனுக்குச் சோறும் இல்லை, பெயரும் இல்லை. மிஞ்சியது தோட்டாக்கள். முராகாமியின் குற்ற உணர்ச்சியை அளவுக்கு மீறிய மனச்சாட்சி என்று படத்துக்குள் மேலதிகாரி தேற்றுகிறார், ராஜினாமாக் கடிதத்தைக் கிழித்துப் போடுகிறார். கணக்குப்படி பார்த்தால் முராகாமி சொல்வதுதான் சரி.

இந்த இடத்தில் சாட்டோ கதைக்குள் வருகிறார். பிடிபட்ட பெண்ணை முராகாமி அதட்டிப் பார்த்து ஒன்றும் பெயராத நிலையில், சாட்டோ அவளுக்கு சிகரெட் கொடுக்கிறார், குச்சி ஐஸ் வாங்கிச் சாப்பிடக் கொடுத்துத் தானும் சாப்பிடுகிறார், ஊர்க்கதை பேசுகிறார். பேச்சுவாக்கில் தரகனின் பெயர் வந்துவிடுகிறது. ஷிமுராவின் நடிப்பு இங்கே உச்சம். மிஃபுனே உடம்பு முழுவதையும் விறைத்துக்கொண்டு நிற்கையில், இவர் விசிறியை ஆட்டிக்கொண்டு வேலையை முடித்துவிடுகிறார்.

தரகன் பேஸ்பால் பைத்தியம். கோராகுவேன் மைதானத்தில் ஜயன்ட்ஸ் அணியும் நான்காய் அணியும் மோதும் நாளில் அவனைத் தேடுகிறார்கள். உண்மையான ஆட்டத்தின் காட்சிகளோடு கதைக் காட்சிகளைப் பின்னியிருக்கிறார் குரோசவா. பல்லாயிரம் தலைகளுக்கு நடுவே ஒருவனை எப்படிப் பிடிப்பது? ஐஸ் விற்பவர்களிடம் புகைப்படத்தைக் கொடுத்துத் தேடச் சொல்கிறார்கள். பிறகு ஒலிபெருக்கியில் அவன் பெயரைச் சொல்லி வாசலுக்கு வரவழைக்கிறார்கள். அவனிடம் கிடைக்கும் அட்டையில்தான் யூசா ஷின்ஜிரோ என்ற பெயர் முதன்முதலாக வெளிச்சத்துக்கு வருகிறது.

யூசாவை நாம் பார்ப்பதற்கு முன் அவன் இடத்தைப் பார்க்கிறோம். அக்கா வீட்டோடு ஒட்டிய கொட்டில். அங்கே ஒரு துண்டுக் காகிதம்: தூக்கம் வராத இரவைப் பற்றி, தன்னைத் தொடர்ந்துவந்த தெருப்பூனையைக் கொன்றதைப் பற்றி. பின்னர் சாட்டோவின் வீட்டில், தூங்கும் குழந்தைகளுக்குப் பக்கத்தில் இருவரும் பேசிக்கொள்கிறார்கள். கெட்டவன் கெட்டவன்தான், அவனை அலசும் வேலை கதை எழுதுகிறவர்களுக்கு என்கிறார் சாட்டோ. முராகாமியால் அப்படி நினைக்க முடியவில்லை. போரில் மனிதர்கள் எவ்வளவு எளிதாக மிருகமானார்கள் என்பதைப் பார்த்தவர் அவர். நல்ல காட்சிதான், ஆனால் கருத்தைச் சொல்வதற்கென்றே உட்கார்ந்து பேசுகிறார்கள் என்ற உணர்வைத் தவிர்க்க முடியவில்லை. இதே விஷயத்தைப் பொருள்களைக் கொண்டு சொல்லும் இடங்களில்தான் படம் உயர்கிறது.

அப்படி ஓர் இடம் ஹாருமியின் உடை. அவள் நடன அரங்கில் கூட்டத்தில் ஆடுபவள், யூசாவுக்குச் சிறுவயது முதல் தெரிந்தவள். அவள் கடைக் கண்ணாடிக்குள் பார்த்து ஆசைப்பட்ட உடைக்காகத்தான் அவன் கொள்ளையடித்திருக்கிறான். வெளியே இடி இடித்து மழை கொட்டும் நேரத்தில், அவள் அந்த உடையை அணிந்துகொண்டு சுழல்கிறாள். எட்டாத பொருளைக் கண்ணாடிக்குள் வைத்துக் காட்டுகிறவர்களைத்தான் குறை சொல்ல வேண்டும், தைரியம் இருந்திருந்தால் தானே திருடியிருப்பேன் என்று அழுதுகொண்டே வாதாடுகிறாள். அம்மா அந்த உடையைப் பிடுங்கி வெளியே மழையில் எறிகிறாள். நடித்த கெய்கோ அவாஜிக்கு அப்போது வயது பதினாறு. அதற்கு முன்னால் வரும் நடன அரங்கக் காட்சியும் மறக்கக் கூடாதது. ஆட்டம் முடிந்ததும் பெண்கள் மேலே ஓடிவந்து பாயில் மொத்தமாகச் சரிகிறார்கள். மூச்சு வாங்குகிறது, தோள்களில் வியர்வை மின்னுகிறது. மேடையில் கவர்ச்சி, மாடியில் கூலி உழைப்பு.

1949 டோக்கியோவைப் பற்றிய இந்தப் படத்தில் ஓர் அமெரிக்கச் சிப்பாய்கூட முன்னுக்கு வருவதில்லை. நகரமோ அவர்கள் ஆட்சியில் இருந்தது. ஆக்கிரமிப்புப் படையைத் திரையில் காட்டக் கூடாதென்பது தணிக்கையின் கட்டளை. ஆனால் அந்தத் துப்பாக்கி கோல்ட். போருக்கு முன் இடுப்பில் வாள் தொங்கவிட்டிருந்த ஜப்பானியப் போலீஸ், ஆக்கிரமிப்புக் காலத்தில்தான் கைத்துப்பாக்கிக்கு மாறியது. தணிக்கையாளர்களின் கண்ணெதிரே ஓர் அமெரிக்கப் பொருள் படம் முழுக்கச் சுற்றி வருகிறது, அது போன இடமெல்லாம் ரத்தம். குரோசவா இதைத் திட்டமிட்டே செய்தார் என்று நான் வாதாட மாட்டேன். திட்டம் இல்லாமலே இப்படி அமைந்தது என்றால் இன்னும் சுவாரசியம்.

அமெரிக்கர் வேறு வழியில் வந்து சேர்ந்தார்கள். படத்தின் தலைப்புகள் ஓடும்போது நாக்கைத் தொங்கப்போட்டு இளைக்கும் ஒரு நாயின் முகம் திரையை நிறைக்கிறது. அந்த நாய்க்கு வெறிநோய்க் கிருமியை ஏற்றிப் படமெடுத்தார்கள் என்று விலங்குநலச் சங்கத்தைச் சேர்ந்த அமெரிக்கப் பெண்மணி ஒருவர் புகார் செய்துவிட்டார். தெருநாயை ஓட வைத்து எடுத்தோம், அவ்வளவுதான் என்று குரோசவா எழுத்துமூலம் விளக்கம் தர வேண்டியிருந்தது. போரில் தோற்றோமே என்று அப்போது நொந்துகொண்டதுபோல் வேறெப்போதும் நொந்துகொண்டதில்லை என்று பல ஆண்டுகளுக்குப் பின்னும் அந்த எரிச்சலைப் பதிவு செய்திருக்கிறார்.

படத்துக்கு வெளியே நாட்டில் நடந்ததும் சாதாரணமில்லை. அந்த வருஷம்தான் டெட்ராய்ட் வங்கியாளர் ஜோசப் டாட்ஜ் வந்து சிக்கனத் திட்டத்தை விதித்தார். டாலருக்கு 360 யென் என்று மாற்று விகிதம் முடிவானது. ரயில்வேயில் மட்டும் பல்லாயிரம் பேருக்கு வேலை போனது. ஜூலையில் தேசிய ரயில்வேயின் தலைவர் தண்டவாளத்தில் பிணமாகக் கிடந்தார், அது கொலையா தற்கொலையா என்பது இன்றும் தீராத வாதம். படம் பார்க்கப் போனவர்கள் இந்தச் செய்திகளைப் படித்துவிட்டுத்தான் அரங்கில் உட்கார்ந்தார்கள். கினேமா ஜும்போ இதழின் அந்த ஆண்டுப் பட்டியலில் ‘தெருநாய்’ மூன்றாமிடம் பெற்றது. முதலிடம் இயக்குநர் ஓசுவின் ‘பின்வசந்தம்’ படத்துக்கு.

முடிவுக் காட்சியைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள், ஆகவே சுருக்கமாக. சாட்டோ சுடப்பட்டு மருத்துவமனையில் கிடக்கிறார். முராகாமி ரயில் நிலையக் காத்திருப்பறையில் தனியாக நிற்கிறார். சேறு படிந்த வெள்ளை உடை, இடதுகையால் உரசும் தீக்குச்சி: ஆள் அகப்பட்டான். காட்டுக்குள் துரத்தல். பக்கத்து வீட்டில் யாரோ ஒரு பெண் பியானோ பழகிக்கொண்டிருக்கிறாள். குண்டு முராகாமியின் கையில் பாய்ந்து காட்டுப்பூவில் ரத்தம் சொட்டுகிறது. அவள் சத்தம் கேட்டு ஜன்னல் வழியே எட்டிப் பார்த்துவிட்டு மீண்டும் வாசிக்கப் போகிறாள். தோட்டாக்கள் தீர்ந்தபின் இருவரும் சேற்றில் புரள்கிறார்கள். விலங்கு பூட்டும்போது யார் போலீஸ் யார் கொலைகாரன் என்று பிரித்தறிய முடியாதபடி இருவர் மேலும் ஒரே சேறு. அந்தப் பக்கம் பள்ளிப் பிள்ளைகள் பாடிக்கொண்டு போகிறார்கள். யூசா வாய்விட்டு ஊளையிட்டு அழுகிறான். இசையமைப்பாளர் ஹயசாகா ஃபுமியோவும் குரோசவாவும் காட்சியின் உணர்ச்சிக்கு எதிரான இசையை வைப்பதில் முந்தைய ஆண்டு ‘குடிகார தேவதை’யிலேயே சோதனை செய்திருந்தார்கள். இங்கே அது கனிந்திருக்கிறது.

படம் பின்னர் பல ஊர்களுக்குப் போனது. 1973இல் ஜப்பானிலேயே மொரிசாகி அசுமா இதை மீண்டும் எடுத்தபோது, துப்பாக்கி ஒகினாவாவிலிருந்து பிழைக்க வந்த இளைஞர்களின் கைக்குப் போனது. ஒகினாவா அமெரிக்காவிடமிருந்து ஜப்பானுக்குத் திரும்பிய மறுவருடம் அது. தமிழில் 2017இல் வந்த ஸ்ரீ கணேஷின் ‘8 தோட்டாக்கள்’ இதே கருவிலிருந்து கிளைத்தது. உதவி ஆய்வாளரின் துப்பாக்கி பேருந்தில் களவுபோகிறது, தோட்டா ஒன்று கூடியிருக்கிறது. அதில் துப்பாக்கி வந்து சேருவது எம். எஸ். பாஸ்கர் நடித்த, குடும்பத்தாராலும் உலகத்தாலும் மதிக்கப்படாத ஒரு வயதானவரிடம். போர் தந்த வறுமையின் இடத்தில் புறக்கணிப்பு வந்து உட்கார்ந்திருக்கிறது. இரு படங்களுமே புத்திசாலித்தனமாக ஒன்றைப் புரிந்துகொண்டிருக்கின்றன: துப்பாக்கியை அப்படியே வைத்துக்கொள்ளலாம், அது யார் கைக்குப் போகிறது என்பதை அந்தந்த ஊர்தான் தீர்மானிக்க வேண்டும்.

மருத்துவமனைக் கட்டிலில் படுத்தபடி சாட்டோ சொல்லும் ஆறுதலோடு ‘தெருநாய்’ முடிகிறது. இப்படிப்பட்டவர்கள் இன்னும் எத்தனையோ பேர் வருவார்கள், பிடிக்கப் பிடிக்க யூசாவை மறந்துவிடுவாய் என்கிறார். முராகாமி பதில் பேசவில்லை. அவர் மறக்க மாட்டார் என்பதையே படத்தின் அறமாக வழக்கமாகக் கொள்வார்கள். எனக்குச் சாட்டோவின் முதல் பாதிதான் கனமாகப் படுகிறது. துப்பாக்கி மீட்கப்பட்டது, ஒரு தரகன் உள்ளே போனான், உவேனோ சந்தை மறுநாளும் திறந்திருக்கும். அரிசி அட்டை முறை சட்டப்படி ஒழிந்ததோ 1980களின் தொடக்கத்தில்தான். படத்தைப் பார்க்கப்போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அந்தப் பத்து நிமிடச் சந்தைக் காட்சியை வேகமாக ஓட்டிவிடாதீர்கள். இந்தப் படத்தின் வழக்கு அங்கேதான் பதிவாகிறது.